கொழும்பு சித்திரக்கதை நகரமாகிவிட்டால் உயிர் தப்புவது எப்படி

1938 ஆம் ஆண்டு சூப்பர்மேன் முதன்முதலாக வெளிவந்த இதழின் அட்டையில், அவர் ஒரு பச்சை நிறக் காரைத் தலைக்கு மேலே தூக்கிப் பாறையொன்றில் மோதி நொறுக்குகிறார். அட்டையின் ஓரத்தில் ஒரு மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டு நம்மை நோக்கி ஓடிவருகிறார். கதைக்குள் அவர் கயவர் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றாலும், அட்டையை மட்டும் பார்ப்பவருக்கு அவர் அந்த வழியால் போய்க்கொண்டிருந்த யாராகவும் இருக்கலாம். அதிமனிதர்களின் கதைகளை விரும்பி வாசிக்கும் நாம் பறப்பவரையும் அடிப்பவரையும் பார்க்கிற அளவுக்கு இந்த ஓடுகிறவரைப் பார்ப்பதில்லை. ஆனால் நாளை காலை கொழும்பு அப்படியான ஓர் உலகத்துக்குள் போய்விட்டால், பறக்கப் போகிறவர்கள் நம்மில் ஒருவர் இருவர்தான்; வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் இருக்கிற மற்றெல்லோரும் ஓடப் போகிறவர்களே. அவர்களுக்கு வேண்டிய அறிவுரைகள் இவை.

முதலில் மனதில் பதிய வேண்டியது ஒன்றுண்டு. அந்த உலகத்தில் இயற்பியல் விதிகள் வளைந்து கொடுக்கும்; கதையின் விதிகள் எளிதில் வளைவதில்லை. அமெரிக்கச் சித்திரக்கதைப் பதிப்பாளர்கள் 1954 இல் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட ஒழுக்கக் கோவை, எல்லாக் கதைகளிலும் நன்மையே தீமையை வெல்ல வேண்டும் என்று எழுத்திலேயே விதித்திருந்தது. அந்தக் கோவையைக் கடைசியாகப் பின்பற்றிய பதிப்பாளர்களும் 2011 இல் அதைக் கைவிட்டார்கள் என்றாலும் வழக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஆகவே நகரம் இறுதியில் காப்பாற்றப்படும் என்று நீங்கள் நம்பலாம். காப்பாற்றப்படுவதற்கு முந்தைய ஏறக்குறைய 20 பக்கங்களில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், யாருக்கு அருகில் நிற்கிறீர்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

எங்கே குடியிருப்பது

ஓவியர் ஒரு நகரத்தை ஒரே பார்வையில் அடையாளம் காட்ட வேண்டியிருப்பதால், வில்லன் எப்போதும் அந்த அடையாளத்தையே தாக்குவான். கொழும்பில் அது முதலில் தாமரைக் கோபுரம். ஏறக்குறைய 350 மீற்றர் உயரத்தில், ஊதாவும் பச்சையுமாக, நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் தெரியும்படி நிற்கிற ஒரு கட்டடத்தை எந்த வில்லனும் விட்டுவைக்கமாட்டான். அடுத்தது கோட்டையிலுள்ள இரட்டைக் கோபுரங்கள், அதன் பின்னர் கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகர். இவற்றுக்கு நேர் எதிரே வாடகை திடீரென்று குறைந்தால் அதற்குக் காரணம் இருக்கும்; மலிவு என்று போய்விடாதீர்கள். மாறாக, காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையே வெள்ளவத்தையில் வரிசையாக ஓடும் குறுக்கு வீதிகளை நான் மனமார்ந்து பரிந்துரைக்கிறேன். ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும் அந்தத் தொடர்மாடிகளில் எதையும் எந்த ஓவியரும் அட்டைப்படத்துக்குத் தெரிவுசெய்யப் போவதில்லை.

அங்கே ஒரேயொரு குறை கடல். 1939 இல் அறிமுகமான, கடலடி நாட்டு இளவரசனான நேமோர் முதற்கொண்டு, சித்திரக்கதைகளில் கடலிலிருந்து வந்தவர்கள் கோபத்தோடு வந்ததே அதிகம். 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட கரையோர மக்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினால், யார் வருகிறார்கள் என்று பார்க்க நிற்காமல், ரயில் பாதையை விட்டு விலகி, காலி வீதியையும் கடந்து உள்ளே போங்கள், அல்லது உறுதியான கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறுங்கள். வருகிறவர் முடிசூடிய அரசரா, வெறும் அலையா என்பது உங்கள் கால்களுக்குத் தேவையில்லாத தகவல்.

வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகுங்கள்

உயிரிழப்பு என்றதும் நாம் இடிந்து விழும் கோபுரத்தை நினைக்கிறோம். ஆனால் அதிக மக்களைக் காயப்படுத்தப் போவது கண்ணாடி. இதற்குச் சித்திரக்கதையைத் தேட வேண்டியதில்லை. 2013 பெப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தபோது, ஏறக்குறைய 1,500 பேர் மருத்துவ உதவியை நாடினார்கள். அவர்களில் பெரும்பாலானோரைக் காயப்படுத்தியது உடைந்த கண்ணாடியே. வெளிச்சத்தைக் கண்டு என்னவென்று பார்க்க மக்கள் ஜன்னலோரத்துக்கு வந்து நிற்க, அதிர்ச்சி அலை சற்றுப் பிந்தி வந்து சேர்ந்தது.

இதை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவருவோம். ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறக்குறைய 3 செக்கன் எடுக்கும். கோட்டைக்கு மேலே இரண்டு பேர் வானத்தில் மோதி ஒரு வெளிச்சம் பாய்ந்தால், ஏழெட்டுக் கிலோமீற்றர் தள்ளி வெள்ளவத்தையில் நிற்கும் உங்களுக்கு 20 செக்கனுக்கு மேலான அவகாசம் இருக்கிறது. பம்பலப்பிட்டியில் சற்றுக் குறைவு; கொள்ளுப்பிட்டியில் 10 செக்கன் அளவு. இந்த அவகாசம் கைத்தொலைபேசியை எடுத்துப் படம்பிடிப்பதற்கு அல்ல. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கண்ணாடி இல்லாத உள்ளறைக்கோ, குளியலறைக்கோ, உறுதியான மேசைக்கு அடியிலோ போய், முதுகை ஜன்னலுக்குக் காட்டி, கழுத்தைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். காஸ் சிலிண்டரை மூடுவதற்கு நேரம் இருந்தால் மூடுங்கள். இல்லையென்றால் பின்னர் மூடலாம். ஒரு சத்தத்தோடு எழுந்து வந்துவிடவும் வேண்டாம், ஏனென்றால் இந்தக் கதைகளில் முதல் அடியோடு முடிந்த சண்டை மிகவும் அரிது. காயத்துக்கு 1990, தீக்கு 110, பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கங்களைக் குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டிவிடுங்கள். வீரரின் இலக்கம் கிடைத்தாலும் முதலில் இவற்றுக்கே எடுங்கள்.

மெழுகுதிரி, தண்ணீர், உலர் உணவு என்பவற்றைப் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2022 இல் 13 மணிநேர மின்வெட்டைத் தாண்டி வந்த நகரம் இது.

உங்களைப் பிடிக்க வருபவரிடம் எதிர்பார்க்க வேண்டியது

உயரத்திலிருந்து விழுவதும், கடைசிக் கணத்தில் ஒருவர் வந்து பிடிப்பதும் அந்த உலகத்தில் அடிக்கடி நடக்கும். பிடித்துவிட்டால் பிழைத்துவிட்டோம் என்று நினைப்பதுதான் ஆபத்து. 1973 இல் வெளிவந்த ஸ்பைடர்மேன் கதையில், பச்சைப் பூதம் என்னும் வில்லன் பாலத்திலிருந்து தள்ளிவிட்ட அவனுடைய காதலி குவென் ஸ்டேசியை, அவள் தரையைத் தொடுவதற்கு முன்னரே ஸ்பைடர்மேனின் வலை பிடித்துவிட்டது. ஆனாலும் அவள் இறந்துபோனாள். அவளுடைய கழுத்தருகே சின்னஞ்சிறு எழுத்தில் ஓர் ஒடியும் ஒலியை வரைந்திருந்தார்கள். விழுந்துகொண்டிருந்த உடல் ஒரே இழுப்பில் நின்றதே அதற்குக் காரணம். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் வாசகர்கள் அந்தப் பக்கத்தை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், 100 மீற்றர் உயரமான மாடியிலிருந்து விழுபவர் ஏறக்குறைய 4.5 செக்கனில் தரையை அடைவார். அப்போது அவருடைய வேகம் மணிக்கு 160 கிலோமீற்றர் அளவில் இருக்கும். அந்த வேகத்தை ஒரு செக்கனின் பத்திலொரு பங்கில் நிறுத்தினால், உடல் தன் நிறையைப் போல 45 மடங்கு விசையைத் தாங்க வேண்டிவரும். பிடிப்பது சிமெந்துத் தரையானாலும் அன்பான கைகளானாலும் எலும்புக்கு அதிக வேறுபாடு தெரியாது. அதற்குப் பதிலாக, வீரர் முதலில் உங்கள் வேகத்துக்கு ஈடாகப் பறந்து வந்து, கழுத்தையும் முதுகையும் சேர்த்து ஏந்தி, கடைசி 40 மீற்றரில் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தால், உடல் நிறையின் இரண்டரை மடங்கு அளவோடு முடிந்துவிடும். அதை எந்த ஆரோக்கியமான மனிதரும் தாங்குவார்.

நான்கரைச் செக்கனில் இதையெல்லாம் நீங்கள் அவருக்கு விளக்க முடியாது. ஆகையால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த நகரத்தில் வீரர்கள் பாராட்டு விழாக்களுக்கு வருவார்கள், சனசமூக நிலையத் திறப்பு விழாக்களுக்கு வருவார்கள். பொன்னாடை போர்த்திக் கைகுலுக்குகிற நேரத்தில், பிடிக்கும்போது மெதுவாகப் பிடியுங்கள் என்று ஒரு வசனம் சொல்லிவிடுங்கள். நீங்கள் செய்யக்கூடியது நாடியை நெஞ்சோடு சேர்த்து, கைகளை மார்பில் கட்டி, கழுத்தைத் தளரவிடாமல் வைத்திருப்பது. பஸ்ஸோடு சேர்த்துத் தூக்கப்பட்டால் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்துவிடுங்கள். காலி வீதியில் 100 ஆம் இலக்கப் பஸ்ஸில் நின்று பழகியவர்களுக்கு அந்தப் பிடி ஏற்கெனவே கைவந்திருக்கும்.

வீரருக்கு உறவாக இருப்பது

வீதியில் நிற்பவரைவிட வீரரின் மனதில் நிற்பவருக்கே ஆபத்து அதிகம். 1962 இல் ஸ்பைடர்மேன் பிறந்த அதே கதையில், அவன் பிடிக்காமல் போகவிட்ட திருடன் கைபட்டு அவனை வளர்த்த பென் சித்தப்பா இறந்தார். அவருடைய மனைவி மே நீண்ட காலம் வாழ்கிறார். 1995 இல் அவர் இறந்ததாக வந்த கதையைக்கூட, இறந்தது அவரைப் போல நடித்த ஒரு நடிகை என்று பிறகு மாற்றிவிட்டார்கள். இதிலிருந்து சித்திமாருக்கும் பெரியம்மாமாருக்கும் ஓரளவு நம்பிக்கை இருக்கிறதென்றும், மாமாமாரும் சித்தப்பாமாரும் விழிப்பாக இருக்க வேண்டுமென்றும் கொள்ளலாம். குறிப்பாக, மருமகனுக்கு வாழ்க்கையைப் பற்றி ஓர் அழகான அறிவுரை சொன்ன அன்று மாலை வெளியே போகாதீர்கள்.

பெண் கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக விசாரிக்க வேண்டும். நம் குடும்பங்களில் சம்பந்தம் பேசும்போது சாதகம், படிப்பு, தொழில், ஊரில் எந்தப் பகுதி என்பதையெல்லாம் விசாரிக்கிறோம். இவற்றோடு, மாப்பிள்ளை பேச்சின் நடுவே காரணம் சொல்லாமல் எழுந்து போகிறவரா, திங்கட்கிழமைகளில் முகத்தில் காயத்தோடு அலுவலகம் வருகிறவரா, தூரத்தில் சைரன் கேட்டால் அவருடைய முகம் மாறுகிறதா என்பதையும் விசாரியுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் சம்பந்தத்தை முறித்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்; இந்தக் கதைகளின் பெரும்பாலான வீரர்கள் நல்ல மனிதர்கள், சிலர் மிகவும் நல்ல மனிதர்கள். ஆனால் பெண்ணுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவளாக முடிவெடுக்க வேண்டும். கணவர்மார் உண்மையை மறைத்ததால் ஆயத்தமில்லாமல் அகப்பட்டுக்கொண்டவர்களே இந்தக் கதைகளில் அதிகம் துன்பப்பட்டவர்கள்.

மரணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூப்பர்மேன் 1992 இல் இறந்து 1993 இல் திரும்பி வந்தார். கப்டன் அமெரிக்காவின் தோழன் பக்கி நாற்பதாண்டுக் காலம் இறந்தவனாகக் கருதப்பட்டு 2005 இல் திரும்பினான். 1988 இல் பேட்மேனின் உதவியாளனான ஜேசன் டொட் பிழைக்க வேண்டுமா இறக்க வேண்டுமா என்பதைத் தொலைபேசி வாக்கெடுப்புக்கே விட்டார்கள். 5,343 அழைப்புகள் இறக்க வேண்டும் என்றும், 5,271 அழைப்புகள் பிழைக்க வேண்டும் என்றும் வந்தன. 72 அழைப்புகளில் ஒரு பையனின் உயிர் போயிற்று. அவனும் பிற்காலத்தில் திரும்பி வந்தான். ஆகையால் குடும்பத்தில் வீரர் ஒருவர் இறந்தால் அவருடைய காணியையும் வாகனத்தையும் விற்றுவிடாமல் சில ஆண்டுகள் வைத்திருப்பது நல்லது. பென் சித்தப்பாவோ அன்று போனவர் போனவர்தான். முகமூடி அணியாதவர்களுக்கு அந்த உலகத்திலும் ஓர் உயிர்தான் என்பதால்தான் இந்த எச்சரிக்கைகள் எல்லாம்.

சக்தியைத் தேடிப் போகாதீர்கள்

தமிழில் வாசித்து வளர்ந்த நமக்கு இரும்புக்கை மாயாவியைத் தெரியும். ஆய்வுகூட விபத்தொன்றில் கையை இழந்து, இரும்புக் கை பொருத்தப்பட்டு, உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்ததும் அந்தக் கை மட்டும் தெரிய உடல் மறைந்துபோனவர். 1956 இல் வந்த ஃப்ளாஷ், இடியும் இரசாயனமும் ஒன்றாகத் தாக்கி வேகம் பெற்றவர். இவற்றை வாசித்துவிட்டு மின்மாற்றிக்கு அருகே போக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: கதை எழுதப்படுவது பிழைத்த ஒருவரைப் பற்றி மட்டுமே. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமுழக்கம் தொடங்கினால் காலிமுகத்திடலில் பட்டம் விடுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வாருங்கள்.

தொழிலைத் தெரிவுசெய்யும்போதும் இதே நிதானம் வேண்டும். ஆய்வுகூட உதவியாளர், வங்கிக் காவலாளி, எதையும் தோண்டிப் பார்க்கும் நிருபர் ஆகிய மூன்றும் அங்கே கடினமான தொழில்கள். கண்ணாடி பொருத்துபவர், மேசன், ஹார்ட்வெயர் கடைக்காரர் ஆகியோருக்கு வேலை ஓயாது. வீரர்களின் சண்டைக்குப் பின் நகரத்தைச் சீர்செய்யும் நிறுவனம் ஒன்றை வைத்தே, ஸ்பைடர்மேன் கதைகளை வெளியிடும் மார்வெல் பதிப்பகம் 1989 இல் ஒரு தொடர் வெளியிட்டிருக்கிறது.

ஆவணங்களும் காலமும்

வாகனக் காப்புறுதி எடுக்கும்போது, கலவரத்துக்கும் பயங்கரவாதத்துக்கும் எதிரான மேலதிகப் பாதுகாப்பையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். தோர் போன்ற ஒருவர் உண்மையிலேயே இடிக் கடவுளாக இருப்பதால், அவருடைய சுத்தியல் விழுந்த சேதம் இறைவன் செயலாகக் கொள்ளப்படுமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கோவையில் வையுங்கள். பின்னர் வாதாடுவதைவிட முன்னர் கேட்பது மேல்.

காலம் அங்கே விசித்திரமாக ஓடும். 1962 இல் பாடசாலை மாணவனாக இருந்த பீற்றர் பார்க்கர், அதாவது முகமூடியில்லாத ஸ்பைடர்மேன், இன்னும் இளைஞனாகவே இருக்கிறான். உங்கள் மகனின் சாதாரண தரப் பரீட்சை எத்தனை தீபாவளி கடந்தாலும் வராமல் இருக்கலாம். அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள், அதில் அவன் பிழை எதுவும் இல்லை. நிலையான வைப்பைக் குறுகிய தவணையில் போடுங்கள். இதைவிடக் கடுமையானது, உலகமே புதிதாகத் தொடங்கப்படுவது. 1996 இல் நடந்த சூப்பர்மேனின் திருமணம் 2011 இல் உலகத்தை மறுபடி தொடங்கியபோது நடக்காததாகிவிட்டது. 1987 இல் மணம் முடித்த ஸ்பைடர்மேன், சித்தியின் உயிரைக் காப்பாற்றுவதற்காக 2007 இல் ஒரு பிசாசோடு பேரம் பேசித் தன் திருமணத்தையே கொடுத்துவிட்டார். உங்கள் திருமணச் சான்றிதழை அலுமாரிக்குள் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் இந்த இழப்பைத் தடுக்க முடியாது. செய்யக்கூடியது இரண்டு: பிசாசு எதைத் தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள், ஒரு காலையில் வீட்டுக்காரர் உங்களை முன்பின் தெரியாதவர் போலப் பார்த்தால், கோபிக்காமல் தேநீர் ஊற்றிக் கொடுத்து, பெயரிலிருந்து மறுபடியும் பழகத் தொடங்குங்கள்.

உருமாறி வரும் வேற்றுக்கிரகவாசியைக் கண்டுபிடிப்பது நமக்குச் சுலபம். வந்திருக்கும் பெரியப்பா உண்மையானவரா என்ற ஐயம் வந்தால், ஊரில் எந்தக் கோயிலடி, யாருடைய வளவுக்குப் பக்கத்து வளவு என்று கேளுங்கள். முகத்தைப் படியெடுப்பவர்களால் அந்த உறவுமுறை முழுவதையும் படியெடுக்க முடியாது.

அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சக்தி வந்தால்

2006 இல் வெளிவந்த மார்வெல் கதையொன்றில், பாடசாலைக்கு அருகே நடந்த வெடிப்பொன்றில் நூற்றுக்கணக்கானோர் இறந்த பின், சக்தியுள்ள எல்லோரும் அரசிடம் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வருகிறது. வீரர்கள் இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் அடிக்கிறார்கள். பிறப்பிலேயே சக்தியோடு பிறந்ததற்காக வெறுக்கப்படும் எக்ஸ்மென் 1963 இலிருந்தே இருக்கிறார்கள். போர்க்காலத்தில் ஊரிலிருந்து வந்து ஓர் இரவு தங்கும் உறவினரின் பெயரையும் பொலிஸில் பதிந்து, அந்தப் படிவத்தை எந்நேரமும் எடுத்துக் காட்டத் தயாராக வைத்திருந்த கொழும்புத் தமிழர்களுக்கு, இந்தக் கதைகள் தூரத்துக் கதைகள் அல்ல. பெயரைக் கேட்டதும் வாடகைக்கு வீடு இல்லை என்று சொல்லப்பட்ட குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. எனவே அடுத்த வீட்டுப் பிள்ளையின் கை இரவில் ஒளிர்வதைக் கண்டால் யாருக்கும் அறிவிக்க ஓடாதீர்கள், அனெக்ஸைக் காலி செய்யச் சொல்லாதீர்கள், பிள்ளைகளைச் சேர்ந்து விளையாட விடாமல் தடுக்காதீர்கள். எக்ஸ்மென் கதைகளில் வில்லனாகிப் போன பலரைப் பின்னோக்கிப் பார்த்தால், சிறுவயதில் எல்லோரும் விலக்கிவைத்த ஒரு பிள்ளையைக் காணலாம்.

உங்கள் சொந்த வீட்டிலேயே அப்படி நடந்தால், நெருப்புப் பிள்ளைக்குச் சமையலறையிலிருந்து தூரமான அறையைக் கொடுங்கள். பலமுள்ள பிள்ளைக்குப் பீங்கானை எடுத்துவிட்டு எவர்சில்வர்த் தட்டைக் கொடுங்கள். பறக்கும் பிள்ளையின் அறையில் முதல் வேலையாகக் கூரை மின்விசிறியைக் கழற்றிவிட்டு மேசை விசிறி வையுங்கள். மணல் மூட்டையை உயரத்திலிருந்து போட்டு, அதன் வேகத்தோடு சேர்ந்து இறங்கி, மூட்டை கிழியாமல் ஏந்தப் பழக்குங்கள். பயிற்சி கடலுக்கு மேலே, இருட்டிய பின், தாழ்வாக நடக்கட்டும். தெற்கே போகப் போக இரத்மலானை விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் குறுக்கிடலாம் என்பதால், பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடைப்பட்ட கடலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.